முன்வரிசைப் பழுப்புப் பை

ஆஸ்பத்திரியில் காது சோதிக்கும் அறைக்குப் புது இயந்திரம் வந்து இறங்கிய அன்றைக்கே அவளுக்குத் தலைவலியும் வந்து இறங்கியது. பழைய இயந்திரத்தைப் பல வருடமாகத் தட்டியும் தடவியும் அவள்தான் ஓட்டிக்கொண்டிருந்தாள். வருகிறவர் காதில் ஹெட்போனை மாட்டி, 'பீப்' கேட்டால் கையைத் தூக்கச் சொல்லி, எந்தச் சத்தம் விழுகிறது, எது விழவில்லை என்று குறித்துக் கொடுப்பது அவள் வேலை. புதியதும் அதையேதான் செய்யும். திரை மட்டும் கொஞ்சம் பெரிது. ஆனால் அதன் முதுகில் 'டிஜிட்டல்' என்று போட்டிருந்தது. அதை நிர்வாகி பார்த்துவிட்டார்.

"இனிமே இதைப் படிச்சவங்கதாம்மா தொடணும்" என்றார் நிர்வாகி. "பல்கலைக்கழகத்துல மாலை வகுப்பு ஒண்ணு இருக்கு. எண்ணியல் சமிக்ஞைச் செயலாக்கம், ஓர் அறிமுகம். எண்ணியல்னா டிஜிட்டல்தான். ஒரே ஒரு பருவம். தேறிட்டு வந்து உக்காருங்க. இல்லைன்னா கீழ டோக்கன் கிழிக்கிற இடத்துக்கு மாத்திடுவேன்."

"சார், நான் இத்தனை வருஷமா இதே வேலையைத்தானே..."

"எனக்கு உங்க மேல ஒரு கோபமும் கிடையாது. விதி அப்படி."

அந்த அறையை விட்டுப் போவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. 'சொன்ன பேச்சு கேக்கறதில்லை' என்று வீட்டிலும் பள்ளியிலும் குட்டு வாங்கிய பிள்ளைகள் அங்கே வந்துதான் தங்களுக்கு ஒரு காது கேட்கவில்லை என்று கண்டுபிடித்தார்கள். அப்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்ப்பதற்காகவே அவள் தினமும் வேலைக்குப் போனாள். டோக்கன் கிழிக்கிற இடத்தில் யார் முகமும் அப்படிப் போகாது. அதனால் பெயரைப் பதிந்துகொண்டாள்.

பல்கலைக்கழகத்தில் அந்தப் பாடம் நடத்தும் துறையின் வாசலிலேயே பளிங்குக் கல்லில் பொறித்து வைத்திருந்தார்கள்: 'எதையும் முழுதாகப் பார்க்கத் தேவையில்லை.' பிழையாகப் பொறித்துவிட்டார்கள் என்று அவள் நினைத்தாள். அது துறையின் கொள்கை என்று உள்ளே போனபின் தெரிந்தது.

வகுப்பறை பெரியது. சத்தம் எதிரொலிக்கக் கூடாதென்று சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார்கள். அதற்குள் போன் எடுக்காது. கரும்பலகைக்கு மேலே, மாணவர்களைப் பார்த்தபடி ஒரு கேமரா. முன்வரிசையில் மூன்றாவது இருக்கையில் தன் பழுப்புப் பையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அறையில் வேறு ஒரு ஆள் இல்லை. பேராசிரியர் மட்டும் வந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவக்காரர். அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு, தப்பான அறைக்கு வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பலகையைப் படித்துவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

"வகுப்புக்கா வந்தீங்க?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"இருந்து கேக்கவா?"

அவள் தலையாட்டியதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சாக்பீஸை எடுத்தவர் கீழே வைக்கவில்லை. "உலகம் வழவழன்னு ஓடிக்கிட்டே இருக்கு. அதை அப்படியே பிடிச்சு வைக்க யாராலயும் ஆகாது. அதனால நாம என்ன செய்யறோம்? அப்பப்போ எட்டிப் பாக்கறோம். பாத்ததை ஒரு புள்ளியா வச்சுக்கறோம். புள்ளிகளைச் சேத்தா உலகம் திரும்பக் கிடைச்சுடும். இதுக்குப் பேருதான் மாதிரி எடுக்கறது" என்றார். பலகையில் ஒரு அலையை வரைந்து, அதன் மேல் புள்ளி வைத்துக்கொண்டே போனார். அவளுக்குப் புரிந்தது. புரிகிறதே என்று ஆச்சரியமாகவும் இருந்தது.

பாதி வகுப்பில் அவள் எழுந்தாள். "சார், ஒரு போன். உடனே வந்துடறேன்."

அது சும்மா போன் இல்லை. அவள் மகள் பள்ளி வேனிலிருந்து இறங்கி, படியேறி, தானே வீட்டைத் திறந்து உள்ளே போகிற நேரம் அது. கணவன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன், வாரக் கடைசியில்தான் வருவான். முன்பெல்லாம் வேன் வருவதற்குள் அவள் வீட்டுக்குப் போய்விடுவாள். இப்போது இந்த வகுப்பு வந்து குறுக்கே விழுந்தது. அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்குத் தெருக்கதவு கிடையாது, யார் வேண்டுமானாலும் படியேறி வரலாம். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளோ பழையது. முழுக்கத் தள்ளினால் 'டக்' என்று விழும். அரைகுறையாகத் தள்ளினால் 'டிக்' என்று உட்கார்ந்து, யாராவது கதவில் கை வைத்தால் கழன்றுவிடும். வித்தியாசம் அவள் காதுக்குத்தான் பிடிபடும். அதனால் மகள் போனைத் தாழ்ப்பாள் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பூட்டுவாள். இவள் நடைபாதையில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்பாள்.

"டிக்."

"இல்லை கண்ணு. இன்னும் தள்ளு."

"டக்."

"ஆங், அதான். யார் வந்தாலும் திறக்காதே. பாலைக் குடிச்சுட்டு எழுது."

அவள் வகுப்பை விட்டு வெளியே வரும்போது ஒரு கூட்டம் மூச்சிரைக்க உள்ளே ஓடியது. பேசி முடித்துத் திரும்பும்போது அதே கூட்டம் வெளியே ஓடி வந்தது. பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் குறுக்கு வழியாகப் போகிறார்கள்போல என்று அவள் ஒதுங்கி வழிவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. உள்ளே வந்து பார்த்தால் பேராசிரியர் மட்டும் பலகையோரம் நின்று, "எங்க விட்டோம்?" என்று கேட்பார்.

பருவம் பாதி ஓடியபோது துறை அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. 'தாங்கள் இதுவரை ஒரு வகுப்புக்கும் வரவில்லை. தேர்வெழுத அனுமதி இல்லை.'

அவள் அடித்துப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். எழுத்தர் நிதானமாகக் கணினியைத் திருப்பிக் காட்டினார். "ஒவ்வொரு வகுப்புலயும் கேமரா ஒரு படம் எடுக்கும். ஒரே நேரத்துல, ஒரே ஒரு படம். எந்த நேரம்னு யாருக்கும் சொல்றதில்லை. சொன்னா அந்த நேரத்துக்கு மட்டும் வந்துட்டுப் போயிடுவாங்கள்ல?"

படத்தைப் பார்த்து அவள் வாயைப் பிளந்தாள். அறை நிரம்பி வழிந்தது. அந்த ஓட்டக்காரக் கூட்டம் முழுக்க வரிசையாக உட்கார்ந்து, முகவாயைத் தூக்கிக் கேமராவைப் பார்த்துச் சிரித்தது. முன்வரிசையில் மூன்றாவது இருக்கையில் அவள் பை மட்டும் இருந்தது.

"இது என் பை!" என்றாள்.

"இருக்கலாம்" என்றார் எழுத்தர். "நல்ல பை. ஒருநாள் தவறினதில்லை."

"பை இருந்தா நானும் இருப்பேன்னு தெரியலையா?"

"தெரியறதெல்லாம் எழுத முடியுமாம்மா? முதல் நாள் படத்துல யார் யார் எங்க இருந்தாங்களோ அதை வச்சுத்தான் இயந்திரம் ஆள் பிடிச்சுது. உங்க இடத்துல பழுப்பா ஒண்ணு இருந்துச்சு. அது பழுப்புன்னே பதிஞ்சுக்கிச்சு. அதுக்கு முழு வருகை. முழு வருகை இருந்தா தேர்வே எழுத வேண்டாம், நேராச் சான்றிதழ்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதோட பேரு என்னன்னு சொன்னா திருத்திடுவேன்" என்றார்.

வெளியே வந்தவளை அந்த ஓட்டக்காரக் கூட்டத்திலிருந்த ஒரு பெண் நிறுத்தினாள். கழுத்தில் எந்நேரமும் ஹெட்செட் தொங்கும் பெண் அவள்.

"அக்கா, நானும் ரொம்ப நாளா கேக்கணும்னு நினைச்சேன். சரியா அந்த நேரத்துக்கு மட்டும் நீங்க ஏன் வெளிய போறீங்க? அதுக்குத்தானே நாங்க வர்றோம்?"

"உங்களுக்கு எப்படிம்மா அந்த நேரம் தெரியும்?"

"எழுத்தர் சார்தான் சொன்னாரு. ரகசியம்னு சொல்லித்தான் எல்லாருக்கும் சொன்னாரு."

அவளுக்குச் சொல்லவில்லை. அந்நேரம் அவள் வகுப்பில் இருந்தாள்.

இப்போது நேரம் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பயன்? உள்ளே உட்கார்ந்தால் தாழ்ப்பாள் சத்தம் கேட்காது. சத்தம் கேட்கப் போனால் படத்தில் விழ முடியாது. வேன்காரரிடம் கெஞ்சிப் பார்த்தாள். "உங்க பிள்ளையைக் கடைசியில இறக்கினா மத்த பிள்ளைங்க அம்மா என்னை உரிச்சுடுவாங்க" என்று அவர் பிடி கொடுக்கவில்லை. இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு, நடுவில் நிற்கவைத்து, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போ என்கிறார்கள்.

எழுத்தர் அவளைக் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த அதிகாரி அவள் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். முடிந்ததும் ஒரு சின்ன பெருமிதத்தோடு விளக்கினார்.

"நாங்க தனித்தனிப் புகாரைப் பாக்கறதில்லை. தனிப் புகார்ல உணர்ச்சி நிறைய இருக்கும், அதெல்லாம் இரைச்சல். எல்லாப் புகாரையும் கூட்டிச் சராசரி எடுத்து, அந்தச் சராசரிக்குப் பதில் எழுதுவோம். போன பருவத்துல பாதிப் பேரு வகுப்பறை கொதிக்குதுன்னு எழுதினாங்க. பாதிப் பேரு குளிருதுன்னு எழுதினாங்க. சராசரியாப் பாத்தா சுகமா இருக்கு. பாராட்டுக் கடிதம் அனுப்பிட்டோம்."

"என் புகார் என்னோடது மட்டும்தானே சார்? அதை எதோட கூட்டுவீங்க?"

"உங்களுக்கு வருகை குறைஞ்சுடுச்சுன்னு நீங்க வந்திருக்கீங்க. வராமலே வருகை ஏறிடுச்சேன்னு மனசாட்சி உறுத்தி யாராவது வந்தா ரெண்டையும் கழிச்சுக் கணக்கை முடிச்சுடலாம். கொஞ்சம் பொறுங்க."

மனசாட்சி உறுத்தி யாரும் வரவில்லை. ஆனாலும் பதில் வந்தது. 'சராசரியாகப் பார்க்கையில் தங்களுக்குக் குறை ஏதுமில்லை.'

அடுத்த வகுப்பில் அவள் நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் வழக்கம்போல அவளுக்கு மட்டும் பாடம் நடத்தினார். பலகையில் மேலும் கீழுமாகப் போய்வரும் ஒரு அலையை வரைந்தார். நடுவில் ஒரு கோடு இழுத்தார். அலை அந்தக் கோட்டைத் தொடுகிற இடங்களில் மட்டும் புள்ளி வைத்தார்.

"இப்ப அலையை அழிச்சுடறேன்" என்று அழித்தார். கோட்டின் மேல் புள்ளிகள் மட்டும் மிஞ்சின. "புள்ளியை மட்டும் பாக்கறவனுக்கு என்ன தெரியும்? எல்லாம் சைபர். இங்க அலைன்னு ஒண்ணு இருந்ததே அவனுக்குத் தெரியாது. அது எவ்வளவு ஏறிச்சு, எவ்வளவு இறங்கிச்சு, எதுவும் தெரியாது. ஏன்? அலை எப்பல்லாம் கோட்டுக்கு வருதோ, சரியா அப்பல்லாம் மட்டும் இவன் எட்டிப் பாக்கறான். அலை மேல தப்பு இல்லை. பாக்கறவன் மேலதான் தப்பு. இதை முதல் வருஷப் பையன்கூட தெரிஞ்சுக்கணும்."

"சார்" என்றாள் அவள். "அது நான்தான் சார்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேன், தாழ்ப்பாள், கேமரா, பை. பேராசிரியர் கேட்கக் கேட்க முகம் மலர்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் பாடத்துக்கு இவ்வளவு அழகான உதாரணம் கிடைத்ததே இல்லை. "பிரமாதம்! பிரமாதம்!" என்று சொல்லி, அதையே தேர்வில் ஒரு கேள்வியாக வைக்கப்போவதாக அறிவித்தார்.

"கேள்வி இருக்கட்டும் சார். நான் தினமும் வந்தேன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்களேன். நீங்கதானே என்னைப் பாத்துக்கிட்டே இருக்கீங்க?"

அவர் முகம் சுருங்கியது. "அதாம்மா சிக்கல். நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும். அது தொடர்ச்சியான சாட்சி. எங்க துறையில தொடர்ச்சியானதை எதையும் ஏத்துக்கறதில்லை. ஏதோ ஒரு நொடியில மட்டும் பாத்தேன்னு சொல்ல முடிஞ்சா இப்பவே எழுதிக் கொடுத்துடுவேன்." கெட்ட மனிதர் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சாக்பீஸை உடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் துறைத்தலைவரிடம் கூட்டிப் போவதாக ஒப்புக்கொண்டார்.

துறைத்தலைவர் பெரிய மேஜைக்குப் பின்னால் இருந்தார். அவர் பேசுவதற்கென்றே பிறந்தவர். கேட்பதற்கு வேறு ஆள் வைத்திருந்தார், அவர் விடுமுறையில் இருந்தார்.

"நீங்க ஒண்ணைப் புரிஞ்சுக்கணும்மா. நம்ம துறை ஒரு கட்டுப்பாடான அமைப்பு. நடக்காததுக்கு நாங்க பதில் சொல்ல மாட்டோம். நடந்து முடிஞ்சதை மாத்த மாட்டோம். நடந்துக்கிட்டு இருக்கறது எங்களுக்கு வந்து சேர ஒரு பருவம் ஆகும். அதுக்குள்ள பருவம் முடிஞ்சுடும். இப்படித்தான் இத்தனை வருஷமா ஒரு புகாரும் இல்லாம ஓட்டிக்கிட்டு வர்றோம். கேமரா பொய் சொல்லாது. படத்துல இருக்கறவங்க இருக்காங்க, இல்லாதவங்க இல்லை. உணர்ச்சிக்கு இதுல இடமே இல்லை."

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததும் மூளை சுறுசுறுப்பாகிவிட்டது. "அப்படின்னா சார், பேராசிரியரும் ஒரு படத்துலயும் இல்லையே? கேமரா அவர் தலைக்கு மேல இருக்கு. உங்க கணக்குப்படி இத்தனை வருஷமா இவர் வகுப்புக்கே வரலையே?"

பேராசிரியர் வெலவெலத்துப் போனார். துறைத்தலைவர் படங்களை வரவழைத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பல காலப் பழக்கமுள்ள ஒரு மனிதரை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பேராசிரியரைப் பார்த்தார்.

"நீங்க எங்க போயிருந்தீங்க?" என்று கேட்டார்.

"சார், நான்... பாடம் நடத்திக்கிட்டு..."

"படத்துல இல்லையே."

விவாதம் வெகுநேரம் நடந்தது. கேமராவைத் திருப்பலாம் என்று அவள் சொன்னாள். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கடைசியில் உத்தரவு பிறந்தது. இனி படம் எடுக்கும் நேரத்தில் பேராசிரியரும் பாடத்தை நிறுத்திவிட்டு மாணவர் இருக்கையில் வந்து உட்கார வேண்டும். சந்தேகத்துக்கு இடமில்லாதபடி இனி இரண்டு படம் எடுக்கப்படும். இரண்டும் அதே நேரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. அவள் விஷயத்தில் துறைத்தலைவர் பெருந்தன்மை காட்டினார். பருவத்தின் கடைசி வகுப்பில் அவள் படத்தில் இருந்துவிட்டால், அந்த ஒரு புள்ளியை வைத்து மற்றதை யோசிக்கலாம் என்றார்.

"யோசிக்கலாம்னா சார்? தேர்வெழுத விடுவீங்களா?"

"யோசிக்கலாம்னா யோசிக்கலாம்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். கடைசி வகுப்பன்று காலையில் மகளை மடியில் உட்காரவைத்துச் சொன்னாள்.

"இன்னிக்கு ஒருநாள் மட்டும் அம்மாவால போன்ல கேக்க முடியாது. நீயே நல்லாத் தள்ளிப் பூட்டிக்கணும். டிக்குன்னு வந்தா விடாதே. டக்குன்னு வரணும்."

"எது டிக், எது டக்னு உனக்குத்தானேம்மா தெரியும்?" என்றது குழந்தை.

அவள் குழந்தையின் முதுகில் பள்ளிப்பையை மாட்டிவிட்டாள். வேன் வந்துவிட்டது.

அன்று மாலை அந்த நேரத்தில் அவள் முதல்முறையாக வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள். கதவு திறந்துகொண்டு கூட்டம் புகுந்தது. நொடியில் அறை நிரம்பியது. பேராசிரியர் பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பலகைக்கு முன்னால் யாரும் இல்லை. அவ்வளவு பேரும் அந்தக் காலி இடத்தைப் பார்த்து முகவாயைத் தூக்கினார்கள். முதல் படம் எடுத்த சத்தம் வந்தது. இரண்டாவது வந்தது. அந்த இரண்டு சத்தத்துக்கும் நடுவே அவள் வீட்டுப் படிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இப்போது குழந்தை படியேறிக்கொண்டிருக்கும். இப்போது சாவியைத் தேடும்.

பக்கத்தில் பேராசிரியர் மெல்லக் கேட்டார்: "பூட்டியாச்சா?"

அவள் எழுந்து ஓடினாள். நடைபாதையில் நின்று போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், எடுக்கவில்லை. பஸ்ஸில் நின்றபடியே போட்டுக்கொண்டு வந்தாள். பக்கத்தில் நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள். கட்டடத்தின் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். கடைசித் திருப்பத்தில் அவளுக்குச் சத்தம் கேட்டது.

டிக். டக். டிக். டிக். டக்.

"கண்ணு! அம்மா வந்துட்டேன். திற!"

கதவு திறந்தது. குழந்தை ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்து கன்றிப்போயிருந்தன. பள்ளிப்பை இன்னும் முதுகில் தொங்கியது.

"ஏண்டி போனை எடுக்கலை?"

"ரெண்டு கையும் தாழ்ப்பாள்ல இருந்துச்சு. சரியா விழுந்துச்சான்னு தெரியலைம்மா. நீ கேக்கலையே. அதான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் குழந்தையின் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே, வாசற்படியிலேயே, உட்கார்ந்து அழுதாள். இனி எந்தப் படத்துக்காகவும் அந்தச் சத்தத்தை விடமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்தாள். டோக்கன் கிழித்தாலும் கிழிக்கலாம்.

முடிவு தெரிந்துகொள்ள அலுவலகத்துக்குப் போனபோது எழுத்தர் கணினியில் ஒரு கோட்டைக் காட்டினார். பருவம் முழுக்கத் தரையோடு தரையாகக் கிடந்த கோடு, கடைசியில் ஒரே இடத்தில் ஊசிபோல எகிறி நின்றது.

"இதுதான் நீங்க" என்றார். "இருந்தீங்க. ஆனா இயந்திரத்தோட வடிகட்டி உங்களை எடுத்துடுச்சு."

"எதுக்கு?"

"எல்லா இடத்துலயும் சைபரா இருந்துட்டு ஒரே ஒரு இடத்துல எகிறினா அது இரைச்சல். தூசி, மின்னல், அந்த மாதிரி. தலைவர் உங்களுக்காக யோசிச்சுதான் பாத்தாரு. பருவம் முழுக்க இல்லாதவங்க ஒருநாள் மட்டும் இருந்தா அது அவங்களா இருக்க முடியாது, கோளாறாத்தான் இருக்கணும்னு சொல்லிட்டாரு. அடுத்த பருவத்துக்குப் பேரு கொடுத்துட்டுப் போங்க."

அவளுக்கு அழுகைகூட வரவில்லை. திரும்பப் போனவளை எழுத்தர் குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சான்றிதழை எடுத்தார். வழவழப்பான அட்டை, முத்திரை, தலைவர் கையெழுத்து எல்லாம் இருந்தன. 'முதல் வரிசை, மூன்றாம் இருக்கை, பழுப்பு. சிறப்பு நிலையில் தேர்ச்சி.'

"இதையாவது வாங்கிட்டுப் போங்கம்மா. கடைசி நாள்ல நீங்க மடியில வச்சு கொஞ்சம் மறைச்சிருந்தீங்க, இருந்தாலும் தெரிஞ்சுடுச்சு. வாங்க ஆள் இல்லைன்னா தணிக்கையில என் கழுத்தைப் பிடிப்பாங்க. காப்பாளர்னு போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

அவள் போட்டாள். வெளியே வரும்போது பேராசிரியர் எதிரே வந்தார். கையில் அதேபோல ஒரு அட்டை இருந்தது. உத்தரவு வந்ததிலிருந்து ஒரு படமும் தவறாமல் மாணவர் இருக்கையில் உட்கார்ந்தது முழு வருகையாகக் கணக்காகி, அவரும் தேறிவிட்டிருந்தார். அவருக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன. "இனிமே இந்தப் பாடத்தை நடத்த எனக்கும் தகுதி இருக்கும்மா" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவள் சான்றிதழை நிர்வாகியின் மேஜையில் வைத்தாள். சண்டை போடும் எண்ணத்தோடுதான் வைத்தாள். நிர்வாகி முத்திரையைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், பிறகு விதிப்புத்தகத்தைப் புரட்டினார்.

"தேறினது யாரு?" என்று கேட்டார்.

அவள் பையைத் தூக்கிக் காட்டினாள்.

நிர்வாகி பையை மேலும் கீழும் பார்த்தார். "சிறப்பு நிலையா?" என்றார். குரலில் மரியாதை ஏறியிருந்தது. "அப்ப ஒரு பிரச்சினையும் இல்லை. தேறினவங்க உடனிருந்தா தேறாதவங்க இயந்திரத்தை இயக்கலாம்னு விதி இருக்கு. அவங்க நாற்காலியில இருக்கட்டும். நீங்க பக்கத்துல நின்னு வேலையைப் பாருங்க. இப்பத்தான் தகுதியான ஆள் வந்தாச்சே, இனிமே அந்த அறையைச் சாயங்காலம் வரைக்கும் திறந்து வைக்கலாம்."

அந்த அறையில் ஒரே ஒரு நாற்காலிதான் உண்டு. அதில் இப்போது பை உட்கார்ந்திருக்கிறது. தலைக்கு மேலே சுவரில் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அவள் காலையிலிருந்து மாலைவரை பக்கத்தில் நின்று, காதில் ஹெட்போன் மாட்டி, கையைத் தூக்கச் சொல்கிறாள். பிள்ளைகளின் முகம் முன்போலவே மாறுகிறது. சில நோயாளிகள் போகும்போது பைக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

வேன் வரும் நேரமானதும் அவள் நடைபாதைக்கு வருகிறாள்.

"டிக்."

"இன்னும் கொஞ்சம் தள்ளு கண்ணு."

"டக்."

"கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு."

ஒருநாள் அவள் பேசிவிட்டுத் திரும்பும்போது நிர்வாகி அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவர் அவளைக் கவனிக்கவே இல்லை. நாற்காலியில் பை இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அவள் உள்ளே போய், அடுத்த பிள்ளையின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, வலிக்கிற காலை மாற்றி நின்றுகொண்டாள்.